பதினாலாவது குன்றிமணி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, விநாயகர் சதுர்த்தி முடிந்த அடுத்த வாரம், கடலூரிலிருந்து சிதம்பரத்துக்குப் போகிற பஸ்ஸில் நடந்தது இது. இன்றைக்கும் அந்தத் தடத்தில் பஸ் ஏறினால் என் கண் முதலில் தரையைத்தான் பார்க்கும்.

நான் மஞ்சக்குப்பத்தில் ஒரு மரவாடியில் வேலை செய்கிறேன். கட்டை தூக்குவது, அடுக்குவது, மரத்தூள் அள்ளுவது என்று கிடைக்கிற வேலை எல்லாம் செய்வேன். நாலு பேர் சேர்ந்து நின்றால் எனக்குப் பேச்சு வராது. பஸ்ஸில் இறங்க வேண்டிய இடம் தாண்டிவிட்டால்கூடச் சத்தம் போட மாட்டேன். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்தே திரும்பி வருவேன்.

கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து எங்களுக்கு ஒரு பெண் பிறந்தாள். அப்போது அவளுக்கு ஒன்றே கால் வயது. நடக்க ஆரம்பித்து, கையில் கிடைப்பதை எல்லாம் வாயில் வைத்துப் பார்க்கிற பருவம்.

அவளுக்கென்று கடையில் வாங்கியது எங்கள் வீட்டில் மிகக் குறைவு. என்னுடைய பழைய வேட்டிகள் அவளுக்கு இடுப்புத் துணியாயின. என் மனைவி தன் நைந்த பருத்திப் புடவை ஒன்றில் தூளி கட்டினாள். இன்னொன்றைக் கத்தரித்து ஆறு கவுன் தைத்தாள். மரவாடியில் மீந்துபோகிற துண்டுக் கட்டைகளை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, அடுக்கி விளையாடக் கட்டைகள் செய்தேன். வேப்பமரத்தில் ஒரு நடைவண்டியும் செய்தேன். வாயில் வைப்பாளே என்று எதற்கும் சாயம் அடிக்கவில்லை. தேங்காய் எண்ணெய் மட்டும் தடவினேன். பிளாஸ்டிக்கே இல்லாமல் ஒரு குழந்தையை வளர்க்கிறார்கள் என்று அக்கம்பக்கத்தில் சொல்லும்போது எனக்கு உள்ளுக்குள் குளிரும். அந்தக் குளிர்ச்சிதான் என்னைக் கவிழ்த்தது.

சதுர்த்திக்கு முன்னால், வேலை நேரம் போக, களிமண்ணில் சின்னப் பிள்ளையார் செய்து விற்பது என் வழக்கம். கண்ணுக்குக் குன்றிமணி பதிப்பேன், எங்கள் பேச்சில் குண்டுமணி. வேலியில் கொடியாகப் படர்ந்து சும்மா காய்த்துக் கிடப்பதுதானே. அந்த வருடம் சதுர்த்திக்கு முதல் நாள் மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய்க்கு வெளியே வைத்திருந்த ஏழு பிள்ளையார் கரைந்து மண்ணாகிவிட்டார்கள். மண்ணைத் திரும்பப் பிசைந்து வைத்தேன். கண்களை எறிய மனசு வரவில்லை.

அதற்கு முன்பே குழந்தைக்கு ஒரு கிலுகிலுப்பை செய்துகொண்டிருந்தேன். இரண்டு சின்னக் கொட்டாங்கச்சிகளை வழவழவென்று தேய்த்து, உள்ளே புளியங்கொட்டை போட்டு, வாயோடு வாய் வைத்து ஒட்டி, மூங்கிலில் ஒரு பிடி வைப்பதாக யோசனை. ஒட்டுவதற்கு முன் ஆட்டிப் பார்த்தேன். சத்தம் கட்டையாக இருந்தது. அதைக் கொட்டிவிட்டு அந்தக் குன்றிமணிகளைப் போட்டு ஆட்டினேன். சலங்கை மாதிரி கேட்டது. அப்படியே மரவாடிப் பசையால் ஒட்டிவிட்டேன். குன்றிமணி விஷம் என்று சின்ன வயதிலேயே கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனாலும், உள்ளேதானே இருக்கிறது, யார் எடுத்துத் தின்னப் போகிறார்கள் என்று நினைத்தேன். என் மனைவியிடமும் சொல்லவில்லை. உள்ளே இருப்பது புளியங்கொட்டை என்றே அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

சிதம்பரத்தில் என் மனைவியின் தம்பி வீட்டில் வளைகாப்பு. காலையில் கடலூரில் பஸ் ஏறினோம். நல்ல கூட்டம். மனைவிக்கு முன்பக்கம் பெண்கள் சீட்டில் இடம் கிடைத்தது. நானும் குழந்தையும் நடுவில் ஜன்னலோரம் உட்கார்ந்தோம். எனக்கு முன் சீட்டில் ஒரு கீரைக்கார அம்மா, தலைச்சுமைக்கு வைக்கிற சும்மாட்டுத் துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். குழந்தை கிலுகிலுப்பையை ஜன்னல் கம்பியில் தட்டுவதும், முன் சீட்டின் முதுகில் தட்டுவதுமாகச் சந்தோஷமாக வந்தாள். அவள் மடியில் என் மனைவி கொஞ்சம் பொரி போட்டுவிட்டுப் போயிருந்தாள். வளைகாப்புக்குப் போக வேண்டும் என்று முந்தின நாள் இரண்டு ஆள் வேலையை ஒரே ஆளாகப் பார்த்திருந்தேன். ஆலப்பாக்கம் தாண்டியதும் என்னையறியாமல் தூங்கிவிட்டேன்.

கண் விழித்தபோது பஸ் புதுச்சத்திரத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தது. முன் சீட்டு அம்மாவைக் காணோம். குழந்தையின் கையில் மூங்கில் பிடியோடு பாதிக் கொட்டாங்கச்சி. மறு பாதி என் காலடியில் உருண்டுகொண்டிருந்தது. அவள் வாய் அசைந்துகொண்டிருந்தது.

விரலை விட்டு வாயைத் துழாவினேன். ஊறிய பொரிதான் வந்தது. ஆனால் அதற்கு முன்னால் என்ன போனதென்று யாருக்குத் தெரியும்? கீழே பார்த்தேன். பஸ் வளைகிற பக்கமெல்லாம் குன்றிமணிகள் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த நேரத்தில் எழுந்து நின்று, வண்டியை நிறுத்துங்கள் என்று கத்தியிருக்க வேண்டும். எந்தத் தகப்பனும் அதைத்தான் செய்வான். நான் கத்தவில்லை. குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, காசு விழுந்துவிட்டவன் மாதிரி குனிந்து, ஒவ்வொன்றாகப் பொறுக்க ஆரம்பித்தேன். யாரும் பார்த்துவிடக் கூடாது என்று கூசிக் கூசிப் பொறுக்கினேன். நாலு நிமிடமோ ஐந்து நிமிடமோ அப்படிப் போயிருக்கும்.

பக்கத்து வரிசையில் ஒயர் கூடையோடு ஒரு அக்கா உட்கார்ந்திருந்தார். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருப்பார். அவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்திருக்கிறார்.

“என்னாத்த தேடற தம்பி?”

“ஒண்ணுமில்லக்கா.”

“ஒண்ணுமில்லாததுக்கா ஒனக்கு இப்டி வேர்த்து ஊத்துது?” என்று சொல்லிக்கொண்டே காலை நகர்த்தினார். அவருடைய செருப்புக்குப் பக்கத்தில் சிவப்பாக ஒன்று கிடந்தது. எடுத்துப் பார்த்தவர் முகம் மாறிவிட்டது. “அடப்பாவி, குண்டுமணி! இதையா புள்ள கையில குடுத்த? வாயில போட்டுச்சா?”

“தெரிலக்கா.”

“தெரிலயா? மடியில வச்சிக்கினு தெரிலங்கற!”

“தூங்கிட்டேன்.”

எழுந்து நின்று, நான் போட்டிருக்க வேண்டிய சத்தத்தை அவர் போட்டார். “கண்டக்டரு! வண்டிய நிறுத்தச் சொல்லு! புள்ள குண்டுமணிய வாயில போட்டுக்கினு இருக்குது!”

பஸ் ஓரங்கட்டி நின்றது. முன்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி, யாருடைய பிள்ளையோ என்ற பதைப்போடு திரும்பிப் பார்த்தாள். பார்த்த பிறகுதான் அது தன்னுடைய பிள்ளை என்று அவளுக்குத் தெரிந்தது. அந்த முகத்தை நான் விவரிக்க விரும்பவில்லை.

கண்டக்டர் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தார். மெலிந்த ஆள், என் வயதுதான் இருக்கும். “யாரும் எறங்காதீங்க. கால எடுக்காதீங்க, நசுக்கிடப் போறீங்க,” என்று எல்லாருக்கும் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். “எத்தினி இருந்துச்சிண்ணே உள்ள?”

எனக்கு எண்ணிக்கை தெரியும். ஆனால் சொல்ல வாய் வரவில்லை. பஸ் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தது.

“அண்ணே, வாயத் தொறந்து சொல்லுண்ணே. எத்தினின்னு தெரிஞ்சாதான தேட முடியும்?”

“பதினாலு.”

“கேக்கல.”

“பதினாலு!” என்றேன். அவ்வளவு சத்தமாக நான் பேசி என் மனைவிகூடக் கேட்டதில்லை.

“நிச்சயமாவா? எண்ணியா போட்ட?”

“ஏழு புள்ளையாரு மழையில கரஞ்சிட்டாரு. அவரு கண்ணுங்க இது. ஒருத்தருக்கு ரெண்டு.”

பின்சீட்டிலிருந்து ஒரு கல்லூரிப் பையன், “அப்ப ஏழு புள்ளையாரும் இப்ப நம்ம காலுக்குக் கீழருந்து நம்மளத்தான் பாத்துக்கினு இருக்காரா?” என்றான். சிலர் சிரித்தார்கள். ஒயர் கூடை அக்கா, “சிரிச்சது போதும், குனிஞ்சி தேடு,” என்றார். அந்தப் பையன்தான் முதலில் குனிந்தான். அதன் பிறகு எல்லாரும் குனிந்தார்கள். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு பெரியவர் மண்டியிட்டு சீட்டுக்கடியில் கையை விட்டார். செல்போன் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள். பைகளைத் தூக்கி உதறினார்கள். டிரைவர் படிக்கட்டில் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஒருவருடைய ஷூவுக்குள் ஒன்று இருந்தது. கிடைத்ததை எல்லாம் அக்கா என் உள்ளங்கையில் போட்டு எண்ணினார்.

பதின்மூன்று.

இன்னொரு முறை எல்லாரும் தேடினார்கள். ஜன்னல் இடுக்கு, சீட்டின் கிழிசல், குழந்தையின் சட்டை, என் சட்டைப் பை எல்லாம் பார்த்தாயிற்று. பதின்மூன்றுதான்.

என் மனைவி குழந்தையை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். “புளியங்கொட்டதான இருந்துச்சி?” என்று மட்டும் கேட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அக்கா குழந்தையின் உதட்டை விலக்கிப் பார்த்தார். “நாலு பல்லுதான் இருக்குது. சிவப்புத் தோலு எதுவும் ஒட்டல. கடிச்சிருக்க மாட்டாடி, அழுவாத,” என்று என் மனைவியிடம் சொன்னார். தன் பாட்டில் தண்ணீரில் விரலை நனைத்து வாயைத் துடைத்துவிட்டார்.

கண்டக்டர் விசில் கொடுத்தார். “நேரா சிதம்பரம்தான். முட்லூர் எறங்கறவங்க யாரு?” என்று கேட்டார். ஆறேழு பேர் இருந்தார்கள். மண்டியிட்டுத் தேடிய அந்தப் பெரியவரும் அவர்களில் ஒருவர். “எங்கள சிதம்பரத்துலயே எறக்குப்பா. நாங்க திரும்பி வந்துக்கறோம்,” என்றார். மற்றவர்களும் சரி என்றார்கள். ஒருவர்கூட முணுமுணுக்கவில்லை.

பஸ் எங்கும் நிற்காமல் போயிற்று. வெள்ளாற்றுப் பாலம் வருவதற்குள் கண்டக்டர் என் செல்போன் எண்ணைக் கேட்டுத் தன் உள்ளங்கையில் எழுதிக்கொண்டார். டிரைவர் தன் வழக்கமான பாதையை விட்டு, சிதம்பரத்தில் பெரிய ஆஸ்பத்திரிக்குத் திரும்புகிற ரோட்டு முனைவரை கொண்டுவந்து விட்டார். இறங்கும்போது அக்கா தன் கைக்குட்டை முனையில் பதின்மூன்று குன்றிமணிகளையும் முடிந்து என்னிடம் தந்தார்.

“இத டாக்டர்கிட்ட காட்டு. குண்டுமணின்னு பேரச் சொல்லு. வெக்கப்பட்டுக்கினு கொட்ட, கிட்டன்னு ஒளறாத.”

அவர் அப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால், கொட்டை என்று மட்டும்தான் நான் சொல்லியிருப்பேன்.

டாக்டர் ஒரு இளம் பெண். அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். குன்றிமணி என்றேன், நான்தான் போட்டேன் என்றேன், தூங்கிவிட்டேன் என்பதையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. கைக்குட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஊசியால குத்தி ஓட்ட போட்டீங்களா?”

“இல்லீங்க. மண்ணுல அப்டியே அழுத்துறதுதான்.”

“நல்லது. இதோட தோல் ரொம்பக் கெட்டி. முழுசா முழுங்கியிருந்தா பெரும்பாலும் அப்படியே வெளிய வந்துடும். மென்னிருந்தாத்தான் கஷ்டம். அது நமக்குத் தெரியாது. ஒண்ணு காணோம்னா, உள்ள போயிருக்குன்னு வச்சித்தான் பாக்கணும்.” பிறகு ஒன்றைத் திருப்பிக் காட்டி, “எல்லாத்துலயும் ஒரு பக்கம் ஏதோ அப்பியிருக்கே, என்ன இது?” என்றார்.

“களிமண்ணுங்க. புள்ளையாரு மண்ணு.”

கரியைக் கரைத்த மாதிரி ஒரு கறுப்பு மருந்தைக் கொடுத்தார்கள். குழந்தை பாதியைத் துப்பினாள். மூக்கு, கழுத்து, அவள் அம்மாவின் வளைகாப்புப் புடவை எல்லாம் கறுப்பாயிற்று. கையில் ஊசி குத்தியபோது அவள் என்னைப் பார்த்துத்தான் அழுதாள். ரத்தம் எடுத்துப் போனார்கள். வாந்தி வருகிறதா, வயிற்றுப்போக்கு இருக்கிறதா, துவண்டு போகிறாளா என்று பார்த்துக்கொண்டே இருக்கச் சொன்னார்கள். ஒரு நாள், ஒருவேளை இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

செய்தி கேட்டு என் மைத்துனன் ஓடி வந்தான். சந்தனப் பொட்டோடு அப்படியே வந்திருந்தான். குழந்தை கொட்டாவி விட்டால்கூட மூன்று பேரும் எழுந்து நின்றோம். அவள் ஒரு தடவை விக்கினாள். என் மனைவி நர்ஸைக் கூப்பிட ஓடினாள். வெறும் விக்கல்தான்.

மதியத்துக்கு மேல் என் செல்போன் அடித்தது.

“அண்ணே, காலைல வண்டி கண்டக்டரு பேசறேன். பாப்பா எப்டி இருக்குது?”

“பாத்துக்கினு இருக்காங்க.”

“பயப்படாத. பதினாலாவது கண்ணு கெடச்சிடுச்சி.”

எனக்குப் புரியவில்லை. அவர் நிதானமாகச் சொன்னார். என் முன் சீட்டில் இருந்த கீரைக்கார அம்மா தினமும் அவர்கள் பஸ்ஸில் வருகிறவர். புதுச்சத்திரத்தில் இறங்கி அங்கேயே கடை போடுவார். நாங்கள் தேடத் தொடங்குவதற்கு முன்பே இறங்கிவிட்டவர் அவர் ஒருவர்தான் என்பது கண்டக்டருக்கு எங்களை இறக்கிவிட்ட பிறகுதான் நினைவு வந்திருக்கிறது. “திரும்பி வரப்ப வண்டிய நிறுத்திக் கேட்டேண்ணே. கூடைய கொட்டிப் பாத்தோம், இல்ல. சும்மாட்டுத் துணிய தலையில சுத்தி வச்சிருந்துச்சி. அவுத்து ஒதறச் சொன்னேன். மடிப்புலருந்து டக்குனு விழுந்துச்சி. இந்தா, அந்தம்மாவே பேசுது.”

“ஏம்பா,” என்றது ஒரு கனத்த குரல். “புள்ளைக்கு வெளையாட்டு சாமான் செய்ய ஒலகத்துல வேற கொட்டையே கெடைக்கலயா ஒனக்கு? காலையிலருந்து புள்ளையாரு கண்ண தலையில வச்சிக்கினு கீர விக்கறேன் நான்! போ, ஒம் பொண்ணுக்கு ஒண்ணும் ஆவாது.”

நான் சிரித்தேனா அழுதேனா என்று எனக்குத் தெரியவில்லை. வார்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். என் மனைவியிடம் சொன்னபோது அவள் நம்பவில்லை. “நம்மள தேத்தறதுக்குச் சொல்லுவாங்க. நான் என் கண்ணால பாக்கணும்,” என்றாள். கண்டக்டரும் அதை எதிர்பார்த்தவர் மாதிரி, எதிரே வந்த சிதம்பரம் பஸ்ஸின் டிரைவரிடம் அதைக் கொடுத்து அனுப்பியிருந்தார். மருந்து, சாவி, சாப்பாட்டுத் தூக்கு என்று எதை வேண்டுமானாலும் பஸ்காரர்களிடம் கொடுத்து அனுப்புவது எங்கள் பக்கத்து வழக்கம். அன்று ஒரு குன்றிமணி வந்தது.

“நீங்க இருங்க மாமா, நான் போய் வாங்கியாரேன்,” என்று மைத்துனன் பஸ் நிலையத்துக்குப் போனான். அவன் திரும்பி வரும்வரை மனைவி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு டிக்கெட் தாளில் நாலாக மடித்து வைத்திருந்தார்கள். பிரித்தோம். முழுசாக, ஒரு கீறல் இல்லாமல் இருந்தது. ஒரு பக்கத்தில் சாம்பல் நிறத்தில் களிமண் அப்பியிருந்தது.

டாக்டர் அதை மற்றவற்றோடு வைத்துப் பார்த்தார். விரலால் தள்ளித் தள்ளி எண்ணினார். “பதினாலு,” என்று சொல்லிவிட்டுச் சிரித்தார். ஆனாலும் மறுநாள் காலைவரை இருந்துவிட்டுப் போகச் சொன்னார். என் மனைவி கறுப்பான புடவை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதாள். குழந்தை அந்த முந்தானையைப் பிடித்து இழுத்து, கண்ணாமூச்சி ஆடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள்.

மறுநாள் காலை ஆஸ்பத்திரி வாசலில் இட்லி சாப்பிடும்போது என் மனைவி சொன்னாள். “அத உள்ள போட்டதக்கூட நான் மறந்துடுவேன். யாருக்கும் தெரியக் கூடாதுன்னு பொறுக்கிக்கினு இருந்தீங்களாமே, அந்த அக்கா சொன்னாங்க. அத எப்டி மறக்கறது?” என் தட்டிலிருந்த இட்லியைப் பிய்த்துக் குழந்தைக்கு ஊட்டினேன்.

பழைய பொருளில் விளையாட்டுச் சாமான் செய்வதை நான் விடவில்லை. ஆனால் இப்போது ஒரே கட்டையில் செதுக்குவதுதான், உள்ளே எதுவும் வைப்பதில்லை. பிள்ளையாருக்கும் மிளகில்தான் கண் வைக்கிறேன். வாங்க வருகிறவர்கள் ஏன் என்று கேட்டால், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை சொல்லும்போது காது சூடாயிற்று. இப்போது அப்படி இல்லை.

அந்தக் கண்டக்டரை அதன் பிறகு நான் பார்க்கவில்லை. தடம் மாற்றிவிட்டார்கள் என்றார்கள். ஒயர் கூடை அக்கா எந்த ஊர் என்றே தெரியாது. புதுச்சத்திரத்துக்கு மட்டும் ஒரு நாள் குழந்தையோடு போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் நாலு கட்டு முளைக்கீரை வாங்கிக்கொண்டு நின்றேன். அந்த அம்மா குழந்தையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், “ஓ, நீதானா?” என்று இன்னொரு கட்டைத் தூக்கிப் பையில் போட்டார்.

நான் ஒருவன் வீட்டிலும் பஸ்ஸிலும் வாய் திறக்காமல் இருந்ததற்காக, முன்பின் தெரியாத ஒரு பஸ் முழுக்க ஆட்கள் அன்று குனிந்து தேட வேண்டியிருந்தது. அதை நினைக்கும்போதெல்லாம், என் பிள்ளைக்காகவாவது நான் நிமிர்ந்து நின்று பேச வேண்டும் என்று தோன்றுகிறது.